நாலு தடவை வாசித்தும் நிற்காத பாடம்: எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் நிகழ்வு ஆய்வு

முதல் அறிக்கையில் நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன். "இம்மாணவி செய்து பார்த்துக் கற்பவர்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். அவள் பேச்சுக்கொடுத்துக்கொண்டே, விரலைப் பார்க்காமலேயே மல்லிகைப் பூ கட்டுவதை அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்த்த மயக்கத்தில் எழுதிய வரி அது. ஐந்து மாதம் கழித்து, தன் நோட்டில் இருந்த எண்களைக் காட்டி, அந்த வரியை என்னையே அடிக்க வைத்தாள். அந்த ஐந்து மாதத்தில் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மதுரை. அரசு உதவி பெறும் பள்ளி, தமிழ்வழி, எட்டாம் வகுப்பு. வயது 13. அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா மாட்டுத்தாவணியில் உதிரிப்பூ வாங்கி வந்து வீட்டில் கட்டி விற்கிறார். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவர். தம்பி நாலாவது படிக்கிறான். வீட்டில் தாத்தாவும் உண்டு. இந்தக் கதையில் அவருக்குப் பெரிய பங்கு இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

படிப்பில் திணறும் பிள்ளைகளைப் பார்க்கும் என்னிடம் வகுப்பாசிரியைதான் அனுப்பி வைத்தார். "வாயால கேட்டா டக்குன்னு சொல்லுது. பேப்பர்ல கொடுத்தா ஒண்ணுமே இல்ல. சோம்பேறித்தனம்னுதான் நினைக்கிறேன், எதுக்கும் நீங்க ஒரு தடவை பாருங்க" என்றார். முதல் இரண்டு வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1896 நவம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், நன்றாகப் பேசும், கணக்குப் போடும், ஆனால் வாசிக்கத் திணறும் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். வளர்ச்சிப் பருவ டிஸ்லெக்சியா, அதாவது அறிவு இருந்தும் எழுத்தை வாசிக்கவும் பிழையில்லாமல் எழுதவும் திணறும் கற்றல் குறைபாடு, பற்றிய ஆரம்பகாலக் குறிப்புகளில் புகழ்பெற்றது அதுதான். பாடம் முழுக்க வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவனாகத்தான் இருப்பான் என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதாக அதில் வருகிறது. இவ்வளவு காலம் கழித்து மதுரையில் அதே வாக்கியம். கூடவே ஒட்டிக்கொண்ட சோம்பேறித்தனம் மட்டும் நம்மூர்ச் சரக்கு.

கண், காது இரண்டையும் முதலில் பரிசோதித்தோம், பழுதில்லை. அறிவுத்திறன் சராசரி. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பை மனநல நிபுணர் ஒருவர் செய்து பார்த்தார். வாசிப்பும் எழுத்துப்பிழையும் மூன்றாம் வகுப்பு அளவில் இருந்தன, கணக்கு வகுப்புக்குச் சற்றே கீழே. டிஸ்லெக்சியா, கூடவே கையெழுத்துச் சிரமம் என்று முடிவு வந்தது.

அறிக்கையில் வராத விஷயங்கள்தான் எனக்கு உபயோகப்பட்டன. "போர்ச்சுக்கீசியர்" என்ற சொல்லை அவள் "போர்க்களம்" என்று வாசித்தாள். முதல் இரண்டு எழுத்தைப் பிடித்து மீதியை ஊகிக்கிறாள். "அழுத்தம்" என்பதை ஒரே பக்கத்தில் "அழுதம்", "அலுத்தம்", "அழத்தம்" என்று மூன்று விதமாக எழுதியிருந்தாள். லகர ளகர ழகரக் குழப்பம் எந்தப் பிள்ளைக்கும் வரும், அதை வைத்து யாரையும் எடைபோடக் கூடாது. ஆனால் ஒரே சொல் ஒரே பக்கத்தில் மூன்று விதமாக வருவது வேறு. ஒற்றெழுத்து விழுந்துபோவது இன்னொன்று. எல்லாவற்றையும்விடக் கொம்புதான் அவளை அலைக்கழித்தது. தமிழில் கொம்பு முன்னால் நிற்கும், பின்னால் ஒலிக்கும். "கொ" என்றால் கொம்பு, ககரம், கால் என்று மூன்று துண்டு. இரண்டு பக்கமும் பார்த்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். அவள் இடமிருந்து வலமாக வந்தபடியே வாயைத் திறந்துவிடுவாள். "கொடை" என்பதை "கெ..." என்று தொடங்கி, கால் கண்ணில் பட்டதும் திகைத்து நின்று, திரும்பி வந்து, அதற்குள் வாக்கியத்தின் தலைப்பக்கத்தை மறந்திருப்பாள்.

தமிழ் உச்சரிப்பது போலவே எழுதப்படும் மொழி, அதனால் டிஸ்லெக்சியா இங்கே பெரிய தொல்லையில்லை என்று சில ஆசிரியர்கள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். 247 எழுத்துள்ள நெடுங்கணக்கில், துண்டுகளின் வரிசையும் ஒலியின் வரிசையும் ஒன்றாக இல்லாதபோது, அந்த வாதம் பாதிதான் செல்லும்.

ஒரு நாள் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, கரும்பலகையைப் பார்த்து அவள் எழுதுவதைக் கவனித்தேன். பத்து நிமிடத்தில் தலையை 58 தடவை தூக்கினாள். பக்கத்தில் இருந்த பெண் 17 தடவை. இவள் ஒரு தடவைக்கு இரண்டெழுத்து எடுத்துப்போகிறாள், பாதியில் ஒன்று சிந்திவிடுகிறது, மறுபடி பார்க்கும்போது எந்த வரியில் நின்றோம் என்று தேடுகிறாள். ஆசிரியர் பலகையை அழிக்கும்போது கடைசி நாலு வரி பாக்கி. வீட்டுக்குப் போய் அந்த அரைகுறை நோட்டைத்தான் அவள் "படிக்கிறாள்".

எனக்குப் பழக்கமான பாதையில்தான் முதலில் போனேன். பயிற்சி வகுப்புகளில் நாங்கள் வாங்கிய அட்டவணை ஒன்று உண்டு: கண்ணால் கற்பவர், காதால் கற்பவர், கையால் கற்பவர் என்று மூன்று கட்டம். கேள்வித்தாளைக் கொடுத்தோம், "கை" என்று வந்தது. பூ கட்டுகிற பிள்ளைக்கு வேறென்ன வரும்? மணல் தட்டில் எழுதுவது, களிமண்ணில் எழுத்து செய்வது, பாடத்துக்கு மாதிரி செய்வது என்று ஆறு வாரம் போனது. அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வகுப்புத் தேர்வு மதிப்பெண் இம்மியும் நகரவில்லை.

மணல் தட்டைக் குறை சொல்லவில்லை. ஒலியைச் சொல்லிக்கொண்டே எழுத்தைத் தடவி எழுதுவது, எழுத்தைக் கற்றுக்கொடுக்கும்போது நல்ல துணை. நானும் அதை விடவில்லை. தவறு எங்கே என்றால், ஒரு பிள்ளைக்கு ஒரு "பாணி" இருக்கிறது, எல்லாப் பாடத்தையும் அந்தப் பாணியில் கொடுத்தால் ஏறிவிடும் என்று நம்பியதில். 2008-ல் ஹரால்ட் பாஷ்லரும் மூன்று சக உளவியலாளர்களும் இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, வகுப்பறையில் இதைக் கடைப்பிடிக்கும் அளவுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். படித்திருந்தேன். படித்தது வேறு, கையில் இருந்த அட்டவணையைத் தூக்கிப் போடுவது வேறு.

தூக்கிப் போட வைத்தது ஒரு நார்.

அறிவியலில் "விசையும் அழுத்தமும்" பாடம். தேர்வில், பரப்பு குறைந்தால் அழுத்தம் ஏன் கூடுகிறது என்ற கேள்விக்கு ஒன்றரை வரி எழுதி விட்டிருந்தாள், பூஜ்யம். தாளைப் பார்த்து நான் சும்மா கேட்டேன், "இது உனக்குப் புரியலையா?" அவள் சொன்னது: "புரியுதே டீச்சர். வாழைநார்ல கட்டினா விரல் அறுக்காது, பட்டையா இருக்கும். நைலான் நூல்ல அதே இழு இழுத்தா விரல் வெட்டிரும். நான் இழுக்கிறது ஒண்ணுதான், நூலு மெல்லிசு, ஒரே எடத்துல இறங்குது."

விசை மாறவில்லை, பரப்பு குறைந்தது, அழுத்தம் கூடியது. இதைவிடச் சுத்தமான விடையை அந்த வகுப்பில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். "இதை ஏம்மா எழுதல?" என்றேன். "அழுத்தம்ங்கிற வார்த்தைய எப்படி எழுதுறதுன்னு யோசிச்சுட்டே இருந்தேனா, மறந்து போச்சு."

இங்கே இன்னொரு சபலம் வந்தது: ஆக, இவள் வாழ்க்கை அனுபவத்தால் கற்பவள் என்று புது லேபிள் ஒட்டலாம். அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அடுத்த நிமிடமே அவள் சொன்னது வேறு தினுசாக இருந்தது: "எனக்கு ஞாபக சக்தியே இல்ல டீச்சர். நாலு தடவை வாசிச்சாலும் நிக்காது." ஞாபக சக்தி இல்லாதவளா ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரே ஒரு தடவை காதில் விழுந்த பாடத்தை நாரோடு முடிச்சுப் போட்டுச் சொல்கிறாள்? தன் படிப்பைப் பற்றி அவள் வைத்திருந்த கணக்கே தப்பு. நான் வைத்திருந்ததும் தப்பு. சரி, இருவருமே அளந்து பார்ப்போம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம்.

நோட்டின் ஏற்பாடு எளிமையானது. சமூக அறிவியலிலிருந்தும் அறிவியலிலிருந்தும் ஏறக்குறைய ஒரே நீளமுள்ள பத்திகளை எடுத்தேன். நாலு வழி: தானே நாலு தடவை வாசிப்பது, பார்த்து இரண்டு தடவை எழுதுவது, யாராவது வாசிக்கக் கேட்டுக்கொண்டே வரியில் விரல் வைத்துப் போவது, அப்படிக் கேட்டுவிட்டுப் புத்தகத்தை மூடி, கேட்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வது. ஒவ்வொரு வழிக்கும் மூன்று பத்தி. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு நேரம். ஒரு வாரம் கழித்துப் பத்துக் கேள்வி, வாயால் பதில். எழுத்துப்பிழை இந்தக் கணக்கில் குறுக்கே வரக் கூடாது என்பதால்தான் வாயால்.

இதில் முக்கியமான கட்டம் ஒன்று உண்டு. பத்தியை முடித்த கையோடு, "அடுத்த வாரம் பத்துக்கு எத்தனை சொல்லுவ?" என்று கேட்டு, அவள் சொல்லும் எண்ணை நோட்டில் அவளையே எழுத வைத்தேன். முதல் பக்கத்தில் பார்த்து எழுதுவதற்கு 8 போட்டாள். "எழுதினா மனசுல பதியும்னு எல்லா டீச்சரும் சொல்லுவாங்க." கேட்டுத் திருப்பிச் சொல்வதற்கு 4 போட்டாள். "அது படிக்கிறதே இல்லையே, கதை பேசுறது."

மூன்று பத்திக்கும் சராசரி எடுத்தபோது பார்த்து எழுதியது பத்துக்கு 3. தானே வாசித்தது 3-க்கும் 4-க்கும் நடுவே. கேட்டு விரல் வைத்தது 5. கேட்டுத் திருப்பிச் சொன்னது 7. அந்த எண்களை அவள் தானே கட்டம் போட்டு எழுதினாள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப நான் இத்தன நாளா இம்போசிஷன் எழுதினது?" என்று கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

ஒரே பிள்ளை, பன்னிரண்டு பத்தி. இதை ஆராய்ச்சி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. அவள் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பரீட்சை, அவ்வளவுதான். ஆனால் எண்கள் போன திசை எனக்கு ஆச்சரியமாக இல்லை. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள், 42 சதவீதத்துக்கு 56 சதவீதம். அவர்களுக்கு டிஸ்லெக்சியா இல்லை. திருப்பிச் சொல்வது எல்லோருக்குமே பலன் தருகிற விஷயம். இவள் விஷயத்தில் இரண்டு சங்கதி ஒன்றாகச் சேர்ந்திருந்தன: காதால் வாங்கியதால் எழுத்தோடு மல்லுக்கட்டும் சுமை இறங்கியது, வாயால் திருப்பிச் சொன்னதால் நினைவு இறுகியது. "காதால் கற்பவள்" என்று எழுதியிருந்தால் பாதியை விட்டிருப்பேன். வெறுமனே கேட்டது 5-ல்தானே நின்றது.

அவளிடம் இதை விளக்க ரொம்பச் சிரமப்படவில்லை. "பூவெல்லாம் நல்ல பூதான், வாசல்தான் குறுகல்" என்று நான் ஏதோ உவமை சொல்லப் போக, அவள் குறுக்கே, "எழுத்த வாசிக்கிறதுலயே சோறு தின்ன நேரம் போயிருது, கொழம்பு ஊத்த நேரமில்ல, அதானே?" என்றாள். அதேதான்.

இனி வாசித்துக் காட்ட யார்? அம்மாவுக்குச் சரளமாக வராது. செல்போனில் தமிழை வாசித்துக் காட்டும் வசதி இருக்கிறது, ஆனால் இருக்கிற ஒரு போன் அப்பாவோடு லோடு ஏற்றப் போய்விடும், ராத்திரி எட்டுக்கு மேல்தான் வீடு வரும். தம்பியிடம் கேட்க மானம் தடுத்தது. நாலாவது படிப்பவனிடம் எட்டாவது படிப்பவள் வாசித்துக் காட்டச் சொல்வதா? மிஞ்சியது தாத்தா. தினமும் தந்தி பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் சத்தமாக வாசிக்கிறவர். "ஐரோப்பியர்களின் வருகை" பாடத்தை அவர் கையில் கொடுத்தோம். வாஸ்கோ டகாமா கள்ளிக்கோட்டையில் இறங்குவதற்குள் மிளகு விலை, இன்றைய மிளகு விலை, பலசரக்குக் கடைக்காரர் செய்யும் மோசடி எல்லாம் வந்துவிடும். அவளுக்கு எல்லாம் நின்றது.

தாத்தா ஆர்வத்தில் குறிப்பும் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். அதில் ஒரு சிக்கல். அவர் படித்தது 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால். "லை", "னை" எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய வடிவத்தில் இருந்தன. ஏற்கெனவே கொம்போடு போராடுகிறவளுக்கு இது எந்த ஊர் எழுத்து? இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டுவிட்டு என்னிடம் கொண்டுவந்தாள். குறிப்பு எழுதுவதை நிறுத்தச் சொன்னதில் தாத்தாவுக்கு வருத்தம்தான். வாசிப்போடு நிறுத்திக்கொண்டார்.

கேட்டுப் படிக்கும் வழி கிடைத்துவிட்டதே என்று வாசிப்புப் பயிற்சியைக் கைவிட்டிருந்தால் அவளுக்குத் துரோகம் செய்திருப்பேன். பஸ் பலகையை, பேங்க் சலானை, மருந்துச் சீட்டை எல்லாம் தாத்தா வந்து வாசிக்க முடியாது. தினமும் இருபது நிமிடம் எழுத்து வேலை தனியாக நடந்தது. கொம்பைச் சிவப்பிலும் காலைப் பச்சையிலும் எழுதி, மெய்யின் மேல் விரலை வைத்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டே வாயைத் திறப்பது என்ற ஒரே பழக்கத்துக்கு மட்டும் ஐந்து வாரம் ஆனது. அப்புறம் நீளமான சொல்லைப் பென்சிலால் துண்டுபோடுவது: போர்ச் / சுக் / கீ / சி / யர். சொன்னபடியே எழுதுவது. இதில் வேகமான அற்புதம் எதுவும் கிடையாது. ஐந்து மாதத்தில் நிமிடத்துக்கு 31 சொல்லிலிருந்து 44-க்கு வந்தாள். ஊகித்து வாசிப்பது கணிசமாகக் குறைந்தது.

பள்ளியில் கலவையான அனுபவம். அறிவியல் ஆசிரியை, தேர்வு முடிந்ததும் இரண்டு கேள்விக்கு மட்டும் வாயால் பதில் கேட்டு மதிப்பெண் போட ஒப்புக்கொண்டார். 25-க்கு 6 வாங்கியவள் ஆண்டுக் கடைசியில் 15 வாங்கினாள். சமூக அறிவியலிலும் ஏறக்குறைய அதே ஏற்றம். இன்னொரு ஆசிரியர், ஒருத்திக்கு மட்டும் தனியாகச் செய்தால் மற்ற பிள்ளைகள் கேட்பார்களே என்று மறுத்துவிட்டார். மற்ற பிள்ளைகள் யாரும் கேட்கவில்லை என்பதை நான் இங்கே பதிவுசெய்கிறேன். தமிழில் கொஞ்சம் முன்னேற்றம். ஆங்கிலம் அசையவே இல்லை.

சான்றிதழ் விஷயம் இன்னும் முடியவில்லை. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. டிஸ்லெக்சியா அதற்குள் வருகிறது. சான்றிதழ் இருந்தால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாக விண்ணப்பிக்கலாம். அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். "பொம்பளப் பிள்ள டீச்சர். நாளைக்கு ஒரு எடத்துல கட்டிக்கொடுக்கணும். ஊனம்னு அட்டை வாங்கி வச்சா யாரு வருவா?" சட்டத்தை எடுத்துச் சொல்லி இந்தப் பயத்தைப் போக்க முடியாது, நானும் முயலவில்லை. பத்தாம் வகுப்புக்கு முன்னால் மறுபடி பேசலாம் என்று விட்டிருக்கிறேன். அந்த முடிவு சரிதானா என்று எனக்கே உறுதியில்லை. அப்போது அவசரத்தில் அலைய வேண்டியிருக்கும்.

ஒன்பதாம் வகுப்பில் ஆசிரியர்கள் மாறுவார்கள் என்பதால், அவர்களிடம் கொடுக்க ஒரு பக்கம் தயார்செய்தோம். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், பிறகு அவளே பார்த்துத் திருத்தினாள். பலகையில் நிறைய எழுதினால் தனக்குக் கடைசி வரிகள் விட்டுப்போகும், பக்கத்து நோட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ள அனுமதி வேண்டும். திடீரென்று எழுப்பிச் சத்தமாக வாசிக்கச் சொல்ல வேண்டாம், முந்தின நாளே பக்கத்தைச் சொன்னால் தயாராகி வருவாள். கேள்வியை ஒரு தடவை வாசித்துக் காட்டினால் போதும், விளக்க வேண்டாம், பதில் அவளுக்குத் தெரியும். இம்போசிஷன் கொடுத்தால் எழுதுவாள், ஆனால் ஒரு வாரம் கழித்துப் பத்துக்கு மூன்றுதான் நிற்கும். கடைசி வரியை நீக்கிவிடலாமே, மரியாதைக் குறைவாகத் தோன்றும் என்றேன். "நோட்டுல இருக்கிறதுதானே டீச்சர்" என்று வைத்துக்கொண்டாள். டிஸ்லெக்சியா என்ற சொல்லை நான் முதல் வரியில் எழுதியிருந்தேன். அதைக் கீழே இறக்கிக் கடைசியில் போட்டாள்.

நாற்பது பக்க நோட்டு தீர்ந்துபோய் இப்போது இரண்டாவது நோட்டு ஓடுகிறது. அதில் நடக்கும் சோதனை அவளே யோசித்தது. காதால் கேட்டதால் நிற்கிறதா, தாத்தா மிளகு விலை சொன்னதால் நிற்கிறதா என்று அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதனால் மூன்று பத்தியைப் போன் வாசிக்க வேண்டும், மூன்று பத்தியைத் தாத்தா சொந்தக் கதை சேர்க்காமல் வாசிக்க வேண்டும், மூன்று பத்தியை வழக்கம்போல வாசிக்க வேண்டும். போன் கணக்கு முடிந்துவிட்டது, சராசரி 6. தாத்தா கணக்குதான் இழுத்துக்கொண்டு நிற்கிறது; கதை சேர்க்காமல் ஒரு பத்தியைக்கூட அவரால் முழுதாக வாசிக்க முடியவில்லை.